எண்ணிட்ட கல்

வாணி ஞாயிறு தவறாமல் படம் அனுப்புவாள்.
குரோய்டனில் ரயில் பிடித்து
ஏதாவது ஓர் அருங்காட்சியகம்.
அனுமதி இலவசம் அக்கா, காப்பிதான் கொள்ளை விலை.
போன வாரம் நம் பக்கத்து வெண்கலம்:
கண்ணாடிக்குள் இடை ஒசிந்து ஓர் அம்மன்,
பீடத்தின் ஓரத்தில் சின்னதாய் ஒரு வெள்ளை எண்.
"எண்ணெய் வாசனையே இல்லை" என்று எழுதியிருந்தாள்.
அதற்கு முந்தைய வாரம் ஓவியக்கூடம்.
சுவரில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு
நாற்காலியில் தூங்கும் காவலாளியை எடுத்திருந்தாள்.

எப்போ வர்றே?
எல்லாப் படத்துக்கும் அடியில் இதே வரி.

போக முடியாது என்றில்லை.
போகலாம். திரும்ப முடியாது.
விசா முத்திரை காலாவதியாகி மூன்று வருடம்.
பச்சை அட்டை வரிசையில் எங்கள் முறை
கவினுக்கு மீசை முளைத்த பிறகு வரலாம் என்கிறார் வக்கீல்.
கவின் ஃபீனிக்ஸில் பிறந்தவன்.
அலமாரியில் மூன்று பாஸ்போர்ட்;
கவலையில்லாமல் தூங்குவது அவனுடையது மட்டும்.

தணிகைதான் சொன்னார்:
"லண்டன் பார்க்கணும், அவ்வளவுதானே? காரில் ஏறு."

மூன்றரை மணி நேரம்.
கள்ளி, கள்ளி, பெட்ரோல் பங்க், கள்ளி.
பிறகு ஒரு திருப்பத்தில், ஏரிக்கு மேல்
ஐந்து வளைவுகள்.

தேம்ஸில் நின்று நின்று
கனம் தாளாமல் அமிழத் தொடங்கிய பாலமாம்.
ஒரு செல்வந்தர் விலை பேசி வாங்கினாராம்,
சந்தையில் மாடு வாங்குவதுபோல;
பல்லைப் பிடித்துப் பார்த்தாரோ என்னவோ.
கல் கல்லாய்க் கழற்றி, எண் போட்டு, கப்பலேற்றி
அரிசோனா மணலில் மறுபடி அடுக்கினார்கள்.
உள்ளே புதுக் கான்கிரீட், மேலே பழைய தோல்.
பாலம் முடிந்த பிறகுதான்
அடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விட்டார்களாம்.
தாலி கட்டி முடித்துவிட்டுப்
பெண் பார்க்கக் கிளம்பிய கதை.
விளக்குக் கம்பங்கள் பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்தவை
என்றார் தொப்பி விற்கிறவர்.
தொப்பி வாங்கினோம். நம்பவும் செய்தோம்.

வாணியை அழைத்தேன்.
இங்கே காலை பத்து, நாற்பத்து மூன்று டிகிரி.
அங்கே மாலை ஆறு, கையில் குடை.
"நானும் லண்டன் பிரிட்ஜ் மேலதான் நிக்கிறேன், பாரு."
போனைத் திருப்பினாள்:
தட்டையான கான்கிரீட், ஒரு சிவப்புப் பேருந்து,
வீட்டுக்கு ஓடும் ஆபீஸ் கால்கள்.
தூரத்தில் இரண்டு கோபுரம் தெரிந்ததும்
கவின் கத்தினான், "அதுதான் நிஜப் பாலம்!"
"அது வேற பாலம்டா. எல்லாரும் ஏமாறுவாங்க."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
லண்டனில் அவள், புதுசின் மேல்.
நாங்கள் பழசின் நிழலில்.
கீழே ஒரு படகு பாட்டை அலறவிட்டுப் போனது;
யாரோ பீர் டப்பாவை உயர்த்தி
எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

கல்லில் எண்ணைக் கண்டுபிடித்தது கவின்.
ஓரம் தேய்ந்த எண்.
விரலால் தடவித் தடவி
வாய்ப்பாட்டுக் குரலில் படித்தான்.
தணிகை தன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.
எங்கள் வழக்கு எண் எழுதிய தாள்
எப்போதும் அங்கேதான் இருக்கும்.

"மழையா?" என்றேன்.
"தூறல். எப்பவும் போல."
குடையை மடக்கி, போனை வானத்துக்குக் காட்டினாள்.
திரை முழுக்கத் துளிகள்.
இந்தப் பக்கம் ஒன்றும் விழவில்லை.

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை
அந்த எண்ணின் மேல் ஊற்றினேன்.
வெளுத்துக் கிடந்த கல்
கையகலத்துக்குக் கறுத்தது,
குளித்தெழுந்த யானையின் முதுகுபோல.
"அய்யோ, அந்த நிறம்தான்க்கா! இங்க எல்லாக் கல்லும்
அந்த நிறம்தான்" என்றாள் வாணி.
கவின் எண்ண ஆரம்பித்தான்.

பதினான்கில் காய்ந்துவிட்டது.