இசட் டிரைவ்

காலையில் பொத்தானை அமுக்கியதும்
வலது மூலையில் ஒரு துண்டுச் செய்தி:
எல்லா டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை.
எல்லாம் என்றால் ஒன்றுதான்.
இசட்.
அதன் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்குத் தெற்கே,
பாகம் பிரித்த வீட்டின் மேற்குப் பாதி எங்களுடையது.
கிழக்கில் கொழுந்தனார், ஓரகத்தி சௌந்தரநாயகி,
முன்பு சேர்ந்து வாங்கிய கம்ப்யூட்டர்.
ஒரு ராத்திரி மதகுப் பலகையை யார் தூக்கியது
என்பதில் தொடங்கியது.
பலகை இப்போது யாரிடம் இருக்கிறதென்று
யாருக்கும் தெரியாது.

சுவர் எழுப்பிய கொத்தனார்
நீல ஒயருக்கு ஓர் ஓட்டை விட்டிருந்தார்.
விடு என்று யாரும் சொல்லவில்லை.
அடை என்றும் சொல்லவில்லை.

உரக்கடை பில் எதைச் சேமித்தாலும்
எந்திரம் முதலில் இசட்டைத் தேடப் போகிறது.
இருபது விநாடி.
தாளித்த கடுகு கருகப் போதும்.

மன்னார்குடிப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்த்தான்.
‘ரைட் க்ளிக் பண்ணுங்க, துண்டிக்கவும்னு வரும்.
ஒரு தட்டு. அப்புறம் தொல்லையே இல்லக்கா.’
அம்புக்குறியை அந்தச் சொல்லின் மேல் கொண்டுபோய் வைத்தேன்.
‘டீ ஆறுது தம்பி’ என்றேன்.

வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னான்:
‘அது கெட்டெல்லாம் போகல.
உங்க பெட்டி முன்னாடி முழிச்சுக்குது,
அந்தப் பெட்டி தூங்குது.
அவங்க போட்டப்புறம்
குறிய பாக்காம ரெண்டு தட்டு தட்டுங்க,
திறந்துரும்.’
இதற்கு இருநூறு ரூபாய்.

மறுநாள் ஏழே காலுக்குச்
சுவருக்கு அந்தப் பக்கம் யூபிஎஸ் கீச்சிட்டது.
தட்டினேன்.
கடவுச்சொல் கேட்டது.
விற்றுவிட்ட மயிலைப் பசுவின் பேர்,
ஆத்தங்கரை வயலின் சர்வே நம்பர்.
அவள் மாற்றவில்லை.

‘பொது’ என்கிற ஃபோல்டர்.
காதுகுத்துப் படங்கள்,
முந்தின சம்பாவின் டீசல் கணக்கு,
அறுப்பு மிஷின்காரனின் மூன்று நம்பர்கள்.
பிறகு, போன செவ்வாய்க்கிழமைத் தேதியில்,
ஒரு புதுக் கோப்பு:
‘அக்கா பாகம் அடங்கல்.’

பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாள்.
வி.ஏ.ஓ. கையெழுத்து சாய்ந்து ஸ்கேன் ஆகியிருந்தது.
காகிதத்தின் ஓரத்தில்
அவள் கட்டைவிரலும்,
நகத்தில் கொஞ்சம் மஞ்சளும்.

நன்றி என்று எழுதி வைத்தால்
கொழுந்தனார் திறந்து படிப்பார்.
கோப்பின் பேரை மட்டும் மாற்றினேன்:
‘அடங்கல் கட்டியாச்சு.’
கட்டியது பிறகு, பதினொரு மணிக்கு,
வரிசையில் நின்று.

இன்று காலை மறுபடி சிவப்புக் குறி.
கொஞ்சம் பொறு,
என்றேன் எந்திரத்திடம், உதடு அசையாமல்.
அவள் வாசலில் இன்னும்
பால் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.