பேட்டரி தனி

பனிமழை நின்ற மூன்றாம் நாள்
கடைக்கு வந்தாள் ஒந்தின் அஷே.
காராகெட்டில் பாதி வீடுகளுக்கு இன்னும் கரண்ட் இல்லை.
உப்பு மூட்டையையும் மெழுகுவர்த்தியையும்
ஊரே அள்ளிக்கொண்டு போயிருந்தது.
மின்கருவி அலமாரிப் பக்கம்
அவளும் நானும்தான்.

"ஒரு ரம்பம் வேண்டும். பேட்டரியில் ஓடுவது.
வருஷத்துக்கு நாலு தடவை வேலை,
அதற்கு மேல் இல்லை" என்றாள்,
டாக்டரிடம் சிகரெட்டைக் குறைத்துச் சொல்கிறவள் மாதிரி.

ஒடிந்து தொங்கும் ஆப்பிள் கிளை.
பாத்திரத் தொட்டிக்கடியில் துருவேறிய குழாய்.
மாடியில் ஓர் இரட்டைக் கட்டில்,
படி திரும்பும் இடத்தில்
இறங்கமாட்டேன் என்கிறதாம்.
ஏறியது எப்படி என்று கேட்டேன்.
"அந்தச் சுவர் அப்புறம் வந்தது."

பெரியதை எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்து,
அழத் தொடங்கிய ஊரான் பிள்ளையைப் போல
உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சிறியதில் இரண்டு: மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று.
எடை ஏறக்குறைய சமம்.
ஒற்றைக் கையில் பிடித்தாள்.
தலைக்கு மேலே தூக்கி
இல்லாத ஏணியில் நின்று
இல்லாத கிளையை அறுத்தாள்.
பிறகு குந்தி உட்கார்ந்து
இல்லாத தொட்டிக்கடியில் நுழைத்துப் பார்த்தாள்.
பதினோரு வருஷமாக இங்கே நிற்கிறேன்,
இப்படிச் சோதித்தவர் யாருமில்லை.

நான் ஆரம்பித்தேன்.
பெரியதன் அலகு ஓர் அங்குலத்துக்கு மேல்
முன்னும் பின்னும் ஓடும்,
இது முக்கால் அங்குலம்கூட ஓடாது,
நேரமாகும், ஆனால் கை அவ்வளவு உதறாது,
அலகு மாற்றச் சாவி வேண்டாம்,
இந்த வளையத்தைத் திருகினால் கழன்றுவிடும்,
பச்சை மரத்துக்குப் பெரிய பல், இரும்புக்குப் பொடிப்பல்,
ஆணி புதைந்த மரத்துக்கு...

"முசியே ரொபிஷோ,
அறுக்கிற வேலையைக் கருவியிடம் விடுங்கள்."

விட்டேன்.

விலைச்சீட்டைத் திருப்பினாள். பேட்டரி தனி.
எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.
ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனியில் ஏறாது.
சம்பந்தம் செய்துகொண்ட மாதிரி:
ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால்
ட்ரில், விளக்கு, இலை ஊதும் மெஷின் வரை
அந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

"உங்களிடம் ஏற்கெனவே என்ன நிறம்?"

மஞ்சள், என்றாள்.
ஒரு ட்ரில், ஒரு சார்ஜர், இரண்டு பேட்டரி.
விட்டுவிட்டுப் போனது.

யார் என்று நான் கேட்கவில்லை.
ஊர் சிறியது.
அந்த ட்ரில்லை விற்றதே நான்தான்.

மஞ்சளென்றால் வெறும் கருவி போதும்,
நூற்றுச் சொச்சம் டாலர்.
நீலமென்றால் எல்லாம் புதிதாக,
கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.
எப்போதாவது செய்யும் வேலைக்கு
இரண்டு மடங்கு எதற்கு என்று யாரும் சொல்வார்கள்.
நானும் சொன்னேன்.
சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன்.

நீலத்தைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.
விசையை அழுத்தினாள், உயிரில்லை, சும்மா சொடுக்கென்றது.
அலமாரியில் அதன் இடத்திலேயே
நேராக்கி வைத்தாள்.

"பேட்டரி என்ன பாவம் செய்தது" என்று
மஞ்சளைக் கவுண்டரில் வைத்தாள்.
பணத்தை எண்ணினாள். மிஷின் வேலை செய்யவில்லை, காசுதான்.
சில்லறையை வாங்கும்போது கேட்டாள்:

"ஆணி புதைந்த மரத்துக்கு என்று
ஏதோ சொல்ல வந்தீர்களே?"

ஐந்து அலகு எடுத்துக் கொடுத்தேன்,
தடித்த முதுகு, இரண்டும் கெட்டான் பல்.
சுவருக்குள் வயர் ஓடும், பார்த்து, என்றேன்.

"ஓடட்டும். வீட்டில் கரண்டே இல்லை.
இன்றைக்கு நல்ல நாள்."

கோட்டுகூடப் போடாமல் பார்க்கிங் வரை ஓடினேன்.
எதற்கும் மெயினை அணைத்துவிடுங்கள்,
எப்போது வேண்டுமானாலும் வந்துவிடும், என்றேன்.
ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கி நின்றது.
கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுக்கு.
அறுவைதான், தெரியும்.
இருந்தாலும் சொன்னேன்.