எஞ்சிய நீளம்

எஞ்சியிருக்கும் மதிலின் நீளம் என்ன
என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது.
அவ்வளவுதான் கடிதம்.
டேப்பின் மறுமுனைக்கு இருதயசாமி,
படிவமும் குடையும் என் கையில்.
தஞ்சாவூர் வடக்கு அலங்கத்தில்
ஆறேகாலுக்குத் தொடங்கினோம்,
வெயில் மதிலேறுமுன்.

முதல் நாற்பத்தொரு மீட்டர் சுலபம்.
அடியில் செம்பாறாங்கல், மேலே செங்கல்,
அதற்கும் மேலே அரசு.
மரத்தைச் சொல்கிறேன்.
வேர் பிடித்து நிற்கிற கல் எது,
கல் பிடித்து நிற்கிற வேர் எது
என்று பிரித்தெழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

அப்புறம் மதில் ஒரு சைக்கிள் கடைக்குள் போனது.
வெளியே வரவேயில்லை.
"பின்பக்கச் சுவரே அதாங்க" என்றார்
பஞ்சர் ஒட்டுகிறவர்,
டியூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி எங்கே கிளம்புகிறதென்று பார்த்தபடி.

உள்ளது, இல்லை என இரண்டு பத்திகள்.
பேருந்து திரும்புவதற்காக இடித்தது: இல்லை.
யார் இடித்தார்களென்று யாருக்கும் தெரியாதது: இல்லை.
ஒரு மழையில் தானாகப் படுத்துக்கொண்டது,
மறுநாள் காலைக்குள் கல்லெல்லாம் காணாமல் போனது: இல்லை.
இல்லை என்பதற்கும் நீளம் இருக்கிறது.
அதையும் நடந்துதான் அளக்க வேண்டியிருந்தது.

ஜைத்தூன் பீவியின் வீட்டில்
அடுப்படியில் தொடங்கி
பீரோவுக்குப் பின்னால் நுழைந்து
கட்டிலருகே முடிகிறது மதில்.
ஆணி இறங்காது. ஐப்பசியில் வியர்க்கும்.
ஆதார் அட்டையில் வடக்கு அலங்காரம்
என்று அச்சாகியிருக்கிறது முகவரி.
"இருந்துட்டுப் போகட்டும்,
அதாவது ஒரு அலங்காரம்" என்று சிரித்தாள்.

துப்பாக்கி வைக்கச் சாய்வாய்த் திறந்த துளையில்
பல்பொடி டப்பா, ரசம்போன கண்ணாடி,
கரண்ட் பில் அட்டை.
"இதையும் அளப்பீங்களா?"
அளந்தேன்.
உள்ளே ஒன்றரை முழம், வெளியே நாலு விரல்.
டப்பாவை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தேன்.
யாரையோ எதிர்பார்த்துச் செய்த குறுகல்.
தெரிந்தது அகழி.
ஆகாயத்தாமரை, ஒற்றைக் கொக்கு,
கருவேல முள்ளில் காயும் ஒரு பள்ளிக்கூட டவுசர்.
எதிரி என்று எழுத எதுவும் இல்லை.

"போன மாசம் வந்தவங்க
வாசல்ல சிவப்புப் பெயின்ட்ல அம்பு போட்டாங்க.
இப்ப நீங்க மதிலை அளக்குறீங்களா,
எங்களை அளக்குறீங்களா?"

இருதயசாமி டேப்பை விட்டார்.
சர்ரென்று சுருண்டு வந்து
என் கட்டைவிரலில் அடித்தது.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி:
மதிலின் உட்புறம் எந்தத் திசை?
தெற்கு என்று எழுதினேன்.
அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதென்று
திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

டீக்கடையில் இருதயசாமி சொன்னார்,
தங்கள் ஊர் மதகுக்கு
இங்கிருந்துதான் கல் வந்ததாம்,
இரண்டு மாட்டு வண்டி.
"பொய்யாக்கூட இருக்கும்.
ஆனா ஆனியில தண்ணி வர்றப்ப
அந்த மதகு மட்டும் கசியாது."
அது எத்தனை மீட்டர் என்று நான் கேட்டது
கிண்டலாகத்தான்.
அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

திரும்பும் வழியில், புதாற்றுப் படித்துறையில்,
யாரோ ஒருத்தியின் சோப்புக்கும் புடவைக்கும் கீழே
ஒரு கல். ஓரத்தில் உளி விழுந்த வரிசை,
நடுவே கதவுக் குடுமி சுழன்ற குழி.
குழியில் நுரை.
"கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றதற்கு
அவள் தள்ளவில்லை,
புடவையை மட்டும் தூக்கிப் பிடித்தாள்.
எழுபத்துநாலு சென்டிமீட்டர்.
பென்சிலால் ஓரத்தில் குறித்தேன்.

மூன்றாம் வாரம் நகல் வந்தது.
ஏறத்தாழ என்று நான் எழுதியிருந்ததை
அலுவலகத்தில் அடித்திருந்தார்கள்,
நேர்கோடாக, ஸ்கேல் வைத்து.
ஓரத்து எழுபத்துநாலை அடிக்கவில்லை.
கண்ணில் படவில்லை போல.