பன்னிரண்டு நாற்பதுக்கு வற்றம்

படகில் பாதி எனக்கு, பாதி மச்சான் அருணகிரிக்கு.
எஞ்சின் யாருக்கு என்பதில்தான்
பேச்சு நின்றது.
பதினைந்து குதிரைச் சக்தி. பதினான்கு மாதம்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் வருவோம்
ஜூரு ஆற்று முகத்துக்கு.
அவர் முன்னால், நான் பின்னால்,
நடுவில் ஐஸ் பெட்டி
சுங்கச் சாவடி மாதிரி.

பக்காவ் மரங்களுக்குப் பின்னே இருக்கிறது களப்பு.
கடல் ஏதோ எடுக்க உள்ளே வந்து
எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றதுபோல்
அகலமாய், முழங்காலளவு உப்புத் தண்ணீர்.
எஞ்சினைத் தூக்கிவிட்டுக்
கழி ஊன்றித்தான் போகவேண்டும்.
கழி அவர் கையில். எங்கே என்று கேட்கமாட்டார்.
நான் தூண்டில் முனையால் காட்டுவேன்.

இங்கே முதலில் தெரிவது மீனல்ல.
மடவைக் கூட்டம் திரும்பினால் தண்ணீரின் தோல் சிலிர்க்கும்.
கொடுவா என்றால் ஒரு சின்ன மேடு நகரும்.
பலகையில் காலணி உரசினால் போச்சு,
மேடு அப்படியே படுத்துக்கொள்ளும்.

எட்டரைக்கு மேடு வந்தது.
ரப்பர் இறாலை இரண்டு முழம் முன்னே போட்டேன்.
ஓர் இழுப்பு. நிறுத்தம். அரை இழுப்பு.
டொப்.
உள்ளிருந்து யாரோ கதவைச் சாத்தினார்கள்.

நரம்பு வேர்களை நோக்கி ஓட,
மச்சான் கேட்காமலே கழியை ஊன்றிப்
படகின் மூக்கைத் திருப்பினார்.
வலையில் அள்ளியதும் அவர்தான்.
மூன்று கிலோ இருக்கும்.
பெட்டியை நான் திறந்தேன்.
இருவரும் மீனைப் பார்த்தோம், நெடுநேரம்.

அதன்பிறகு யாருக்கு நேரம் பார்க்கத் தோன்றும்?

தோன்றியது.
ஒன்பதேகாலுக்குக் கைப்பேசியில் பார்த்தேன்:
வற்றம் 12.40.
ஒன்பதரைக்கு அவர் குனிந்து
கழியில் ஈரம் எதுவரை என்று பார்த்தார்.
அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.
தண்ணி எறங்குது.
இரண்டே சொல்.
முதலில் யார் சொல்வது?

பத்துக்குப் படகு சேற்றில் உட்கார்ந்தது
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
கல்யாணச் சாப்பாடு முடித்தவர்போல.
இறங்கித் தள்ளினோம். தொடைவரை புதைந்தோம்.
ஒரு செருப்பு போனது. என்னுடையது.
ஏறிக்கொண்டோம்.

உளுவைகள் வந்து படகைச் சுற்றிக் கண்ணை உருட்டின.
ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள்
அதை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டன.
தெற்கே இரண்டாம் பாலத்தில்
லாரிகள் ஓசையில்லாமல் தீவுக்குப் போயின.
மூன்று மணிக்கு எனக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்டு.
சூப்பர்வைசருக்கு ‘கடல் இல்லை’ என்று எழுதினேன்.
அழித்தேன்.
‘வயிற்று வலி’ என்று அனுப்பினேன்.

வெயில் ஏறியது. குடை ஒன்று, அவருடையது.
விரித்தார்.
கொஞ்சநேரம் கழித்து
ஐஸ் பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினார்.
நகர்ந்து உட்கார்ந்தேன்.
ஒரே பொட்டலம் நாசி லெமாக்.
முட்டையைப் பாதியாக்கினார்.
நெத்திலியை யாரும் எண்ணவில்லை.

பன்னிரண்டு நாற்பது இருக்கும்.
கெராங் பொறுக்கும் சீனப் பெண் ஒருத்தி
பலகைமேல் ஒரு முழங்காலை மடித்து
மறுகாலால் சேற்றை உந்தி
வழுக்கிக்கொண்டு வந்தாள்.
நின்று, மலாயில் கேட்டாள்:
தண்ணி வற்றியதை ரெண்டு பேரும் பார்க்கவில்லையா?

“பார்த்தோம்” என்றார் மச்சான்.

தமிழில்.
அவளுக்கு அது புரிந்திருக்காது.
பதினான்கு மாதத்தில் நான் கேட்ட முதல் சொல்,
அதுவும் பன்மையில்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள்.
நாங்கள் நண்டு வளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
நெடுநேரம் கழித்து அங்கேதான் முதலில் தெரிந்தது தண்ணீர்,
ஒவ்வொரு வளையிலும் ஒரு குமிழியாக.

மூன்றரைக்குப் படகு நிமிர்ந்தது.
கழியை என்னிடம் நீட்டினார்.
பெட்டிக்குள் ஐஸ் உருகி
மீன் மிதந்துகொண்டிருந்தது.
தலைப்பக்கம் யாருக்கு என்று
கரையில் போய்த்தான் பேசவேண்டும்.