இரைச்சல்

சுங்கை மெராந்தியில் கோபுரம் எங்கே என்று கேட்டால்
மாரியம்மன் கோயிலைக் கைகாட்டுவார்கள்.
என்னுடையது இன்னொன்று.
எண்ணெய் ஆலைக்குப் பின்னால், நாலு மாடி,
லிஃப்ட் கிடையாது.
எத்தனை துடைத்தாலும் கண்ணாடியில்
ஆலைப்புகையின் பிசுக்கு.

சுற்றிலும் செம்பனை.
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர்,
முக்கோணம் பிசகாது.
எந்தக் கிராணி கயிறு பிடித்து அளந்தானோ.
நிற்பவற்றுக்கு அது போதும்.
நான் அளப்பவை நிற்பதில்லை.

ரேடார் இல்லை எங்களுக்கு.
இரண்டு கண், ஒரு பைனாகுலர்,
பெயர் எழுதிய காகிதச் சீட்டுகள், குரல்.
ஒருவருக்கு ஆயிரம் அடி என்றால்
இன்னொருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு.
வாயில் ஆங்கிலம் தடையில்லாமல் ஓடும்.
அடிவயிற்றில் மட்டும் தமிழ்:
தள்ளிப் போ, தள்ளிப் போ சாமி.

அந்தப் புதன்கிழமை
எங்கேயோ காடு எரிந்து
ஓடுபாதையின் மறுமுனை பழுப்பாகக் கரைந்திருந்தது.
என் முன்னே இரண்டு சீட்டுகள்.
உரம் தெளித்துத் திரும்பும் மஞ்சள் விமானம், கேப்டன் லாய்.
பயிற்சிப் பள்ளியின் செஸ்னா, யுகேந்திரன்,
முதல் தடவை தனியாக.

மணி நாலே முக்கால்.
செஸ்னா கடைசித் திருப்பத்துக்கு வருகிறது.
லாய் தெற்கிலிருந்து, வேகமாக, அதே பாதைக்கு.
யார் முன்னே, யார் பின்னே
என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் சிக்கியது
அவன் மைக் பொத்தான்.

அலைவரிசை என்பது தோட்டத்துச் செம்மண் பாதை.
குலை ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டால்
வேறு யாருக்கும் வழியில்லை.
எனக்கும் இல்லை.
அவன் மூச்சு மட்டும் அறை முழுக்க.
பிறகு பேச்சு.
யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
தனக்குத்தானே:

ஸ்பீடு பாரு. ஸ்பீடு பாருடா.
அப்பாவோட ஈ.பி.எஃப். காசுடா இது.
மூக்கத் தூக்காத... தூக்காத...
விழுந்துடாதடா, டேய், வீட்டுல சொல்லவே இல்லடா
இன்னிக்குத் தனியான்னு.

ரோஸ்லினா என்னைப் பார்த்தாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
பயத்துக்கு மொழி எதற்கு.

கூரையில் தொங்கும் விளக்குத் துப்பாக்கியை
மூன்று வருடமாகத் தூசு தட்டத்தான் இறக்கியிருக்கிறோம்.
இறக்கினேன்.
மஞ்சளைத் தேடி, புகைக்குள் குறிவைத்து,
சிவப்பு. விடாமல் சிவப்பு.
வழி விடு, சுற்றிக்கொண்டே இரு.

ஒன்று.
இரண்டு.
கை நடுங்கினால் வெளிச்சமும் நடுங்கும்.
மூன்று.

மஞ்சள் இறக்கை இடதும் வலதும் சாய்ந்தது,
சரி சரி என்று கடைக்காரர் தலையாட்டுவதுபோல்.
லாய் விலகினார்.
நான் காட்டுவதற்கு முன்பே
விலகத் தொடங்கியிருந்தாரோ என்னவோ.
அவரும்தானே அந்த மூச்சைக் கேட்டிருப்பார்.

இப்போது பச்சை, பையனுக்கு.
அவன் பார்த்தானா தெரியாது.
தரை தொட்டான், எகிறினான், மறுபடி தொட்டான்,
ஓடி, ஓடி, நின்றான்.
அதற்கப்புறமும் இரண்டு நிமிடம்
ஊரே கேட்கும்படி அழுதான்.
பிறகு பொத்தான் தானாக விடுபட்டது.

பதிவேட்டில் எழுதினேன்:
16.47 ஒலிபரப்பி சிக்கியது. விளக்குச் சைகை.
16.54 சரியானது.
இடைவெளி காக்கப்பட்டது.
ஒன்றும் நடக்கவில்லை என்பதை
இதற்கு மேல் எப்படி எழுதுவது.
அதற்குத்தான் சம்பளம்.

ஆறு மணிக்குப் படியேறி வந்தான்.
கையில் பொட்டலம் கட்டிய ரொட்டி சானாய்,
சட்டை முழுக்க வியர்வை.
ரோஸ்லினாவுக்கு ஒரு சலாம்.
என்னிடம் மட்டும் கண்ணை எடுக்காமல்,
மெல்ல, தமிழில்:

"மைக் திறந்திருந்துச்சாமே.
என்ன கேட்டுச்சு, மேடம்?"

கீழே ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.
பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

"இரைச்சல்தான்," என்றேன்.
"வெறும் இரைச்சல்."