திங்களும் இருபத்தாறு

பீல் நகரில் மணிக்கூடு செய்கிறார்கள்.
அதே தெருவில், சிறுநீரகச் சிகிச்சை நிலையத்தின்
மென்பொருளில் நான் பூட்டியது ஒரு நாட்காட்டி.
வாங்கிய சாமான். வருடத்துக்கு எண்ணூறு பிராங்க்.
உள்ளே திறந்து பார்க்க உரிமை இல்லை.

ஒக்டோபர் கடைசியில் அது
ஞாயிறும் இருபத்தாறு என்றது,
திங்களும் இருபத்தாறு என்றது.
ஏஷ்லிமான் ஐயா அதை நம்பி
ஞாயிறு விடிய வந்து பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறார்,
கையில் போர்வையும் குறுக்கெழுத்துப் புத்தகமும்.

உதவிப் பிரிவுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன்.
'எங்கள் பக்கம் சரியாகவே இருக்கிறது.'
படம் அனுப்பினேன், பதிப்பு எண் கேட்டார்கள்.
எண்ணை அனுப்பினேன், படம் கேட்டார்கள்.
ஆறாவது கடிதத்தில்தான் அடியில் இருந்த பெயரைப் பார்த்தேன்:
முகில்வண்ணன், கோயம்புத்தூர்.

அட, அந்த ஊரில்
யார் நேரத்தைப் பின்னுக்குத் திருப்புகிறார்கள்?
அவருடைய ஞாயிறுக்கு இருபத்துநாலு மணி.
என்னுடையதற்கு இருபத்தைந்து.

தமிழில் ஒரு வரி தட்டினேன்:
'தம்பி, உங்கட கணினியைச் சூரிச் நேரத்துக்கு
மாத்திப் பாருங்கோ.'
பதினொரு நிமிடம்.
'அய்யோ அக்கா, ரெண்டு வருதுங்க!'
ஒரு பிழைக்கு இவ்வளவு சந்தோஷமாய்க்
கத்தினவரை நான் கண்டதில்லை.

மறுநாள் திரும்பவும் ஆங்கிலம், மேலாளர் கையொப்பத்தோடு:
பிழை ஏற்கப்பட்டது. திருத்தம் ஏப்ரல் பதிப்பில்.
கூடவே அடுத்த வருடத்துக்கான பில்,
அதில் தேதி சரியாக இருந்தது.

மார்ச்சில் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் காணாமல் போகும்.
அன்றைக்கு இது எந்த நாளை விழுங்கும் என்று
முகிலிடம் மட்டும் கேட்டு வைத்தேன்.

இன்னும் பதில் இல்லை.
கட்டம் கட்டமாய் எண்ணிக்கொண்டிருப்பார்.