மூழ்கிய கப்பலை எங்கே வைப்பது

தூபரோன் துறைமுகத்தில்
ஐஸ் தொழிற்சாலைக்கு மேல்மாடி.
இரண்டு பிங்பாங் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு
நீலத் துணி விரித்தால் வட கடல்.
துணியில் போன வாரக் காப்பிக் கறை.
அதைத் தீவென்று வாதாடக் கூடாது என்பது
விதி எண் நாற்பத்தொன்று,
கையால் எழுதிச் சேர்த்தது.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மே மாத மாலை
சனிக்கிழமைதோறும் இங்கே திரும்ப நடக்கிறது.
இரண்டு கடற்படையும் எங்களுடையதல்ல,
சண்டை நடந்த தண்ணீர் மட்டும்
ஜன்னலுக்கு வெளியே இரைகிறது.

கப்பல்கள் சுண்டுவிரல் நீளம்.
ஈயத்தில் வார்த்து, சாம்பல் பூசி,
பல் துலக்கும் பிரஷின் ஒற்றை மயிரைக் கொடிமரமாக நட்டு
குளிர்காலம் முழுக்க நான் செய்தவை.
ஆள் மட்டும் வைக்க முடியவில்லை.
இந்த அளவையில் ஒரு மாலுமி
பொடியுப்பில் ஒரு துகள்.

பிரெபன் பிரிட்டிஷ் அட்மிரல்,
வாரநாளில் கணக்கு வாத்தியார்.
ஆஸ்டாவுக்கு ஜெர்மன் வரிசை;
அவளுக்கு நிஜத்திலும் ஒரு படகு உண்டு,
டீசல் கடன் உண்டு.
நான் நடுவர். டேப்பும் பென்சிலும் என் கையில்.

எட்டாம் சுற்று. மூடுபனி.
பார்வைத் தூரம் எழுபது சென்டிமீட்டர்.
பிரெபன் பகடையை ஊதி உருட்டுவான்,
ஊதும்போதெல்லாம் புகைபோக்கியிலிருந்து பஞ்சு பறக்கும்,
'இது காற்று விதியில் இல்லை' என்பாள் ஆஸ்டா.
அவள் ஊதுவதில்லை. போட்டாள்.
ஆறு. இன்னொரு ஆறு.
வெடிமருந்துக் கிடங்கு.

பிரெபன் யோக்கியன். மறுபேச்சில்லாமல்
தன் கப்பலை எடுத்துச் சுருட்டுப் பெட்டிக்குள் போடப் போனான்.

'எங்கே கொண்டு போறே?'
'மூழ்கிடுச்சே.'
'மூழ்கினா எங்கே போகும்?'

பிரெபன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான்.

'பதினாலு வருஷத்துல மூணு வலை கிழிஞ்சிருக்கு,
கடைசி வலை உன் மூணு மாசச் சம்பளம்.
என் வரைபடத்துல அது சிவப்பு வட்டம், பிரெபன்.
போட்ட இடத்துல வை.'

'அவ்வளவு கிழிஞ்சும் ஏன் அங்கேயே போறே?'

'மீன் அங்கேதான் நிக்குது.'

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கப்பலை வாங்கி
விழுந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்.
அடிப்பாகத்துக்கு நான் வண்ணமே பூசியிருக்கவில்லை,
தண்ணீருக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று.
வெற்று ஈயம் பளபளத்தது,
அதில் என் கட்டைவிரல் ரேகை.

ஒன்பதாம் சுற்றில்
பிரெபனின் வரிசை அதன் மேலேயே போயிருக்கலாம்.
ஆழம் ஐம்பது மீட்டர், நானே சொன்னேன்.
போயிருந்தால் ஐந்து கப்பலின் பீரங்கிகளும்
ஒருசேரத் திரும்பியிருக்கும்.
அவன் டேப்பை வைத்தான், எடுத்தான்,
இரண்டு விரற்கடை வளைந்து போனான்.
ஆட்டம் அங்கே போயிற்று.

பத்தரைக்கு ஆஸ்டா கிளம்பினாள்,
நாலு மணிக்குக் கடல்.
கவிழ்ந்தவை பதினொன்று. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

துணியை உதற எடுத்தேன்.
மடிப்பெல்லாம் பிரெபன் தின்ற சிப்ஸின் உப்பு.
ஜன்னல்வரை கொண்டுபோய்
உதறாமல் மடித்து அலமாரியில் வைத்தேன்.

திங்கட்கிழமை பெயின்ட் கடையில்
சிவப்பு ஒரு டப்பா கேட்டேன், சின்னது.
'படகுக்கா?'
'ஆமாம்,
அடிக்கு.'